கல்லடியில் பேசாத நாட்கள்

டிசெம்பர் 23, இரவு

பதுளையில் பஸ் ஏறியதும் நடத்துநரிடம் ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினேன். ‘மட்டக்களப்பு, ஒருவர். தொண்டை வருத்தம், பேச முடியாது’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருந்தேன். வாசித்த பிறகு அவரும் வாய் திறக்கவில்லை. விரலை மடக்கி விரித்துக் காசைக் கணக்குக் காட்டினார். ஜன்னலோரம் கிடந்த பையை அகற்றி இடம் தந்தார். பேசாதவனிடம் மற்றவர்களும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்பதை இன்றுதான் கண்டேன்.

நான் கணித ஆசிரியன். மலையகத்தில் ஒரு பாடசாலை. ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகள், நடுவில் தடுப்புக் கிடையாது. பக்கத்தில் வரலாற்றுப் பாடம் நடக்கும்போது அதற்கு மேலால் நான் இருபடிச் சமன்பாட்டைக் கத்திச் சொல்லவேண்டும். பதினொரு வருடம் இப்படிக் கத்தியதில் இந்தத் தவணையோடு குரல் முதலில் கம்மியது, பிறகு உடைந்தது, கடைசிக் கிழமை வெறும் காற்றுத்தான் வந்தது. குரல்நாண்கள் வீங்கிவிட்டன என்றார் வைத்தியர். 29 ஆம் திகதி காலை வரை ஒரு சொல்லும் பேசக்கூடாது. கிசுகிசுப்பதும் கூடாதாம், அது நாண்களை இன்னும் வருத்துமாம்.

வீட்டில் இருந்தால் எப்படியும் பேசிவிடுவேன். அதனால்தான் கல்லடியில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் புறப்பட்டேன். பையில் நான்கு உடுப்பு, ஒரு புத்தகம். சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூல். அதை வாங்கி ஆறு வருடமாகிறது. பாயிரத்தைத் தாண்டி நான் போனதில்லை.

பசறை, லுணுகலை வளைவுகளில் மழை. பிபிலைக்குப் பிறகு மலை விட்டுப்போகிறது. மகா ஓயா தாண்டி, கரடியனாறுப் பக்கம் வந்தால் இரண்டு பக்கமும் மாரிப் போக வெள்ளாமை, கண் எட்டும் தூரத்துக்குப் பச்சை. செங்கலடியில் இருட்டிவிட்டது.

படலையடியில் சின்னம்மா குடையோடு நின்றார். “என்ன மனே, ஒண்டும் பேசாம நிக்கிறாய்?” துண்டைக் கொடுத்தேன். விளக்கு வெளிச்சத்தில் தூரமாகப் பிடித்து வாசித்தார். “சரி, பேசாத. சாப்பிடலாம்தானே?” பிட்டும் மீன் சொதியும். பேத்தி சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயது. எனக்கு மருமகள் முறை.

டிசெம்பர் 24

விடிய நான்கு மணிக்குச் சங்குச் சத்தத்தில் எழும்பினேன். திருவெம்பாவைக் காலம். பொடியன்கள் சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கை ஒழுங்கையாகப் பாடிக்கொண்டு போகிறார்கள். மழைத் தூறலில் பாட்டு சில வீடுகளுக்கு அப்பால் மங்கி, அடுத்த ஒழுங்கையில் மறுபடி தெளிந்தது. படுத்தபடியே கேட்டேன். வழக்கமான நாளாயிருந்தால் எழுந்து போய் நாலு வார்த்தை பேசியிருப்பேன், பாட்டை முழுதாகக் கேட்டிருக்க மாட்டேன்.

பகல் முழுக்க மழை. புத்தகத்தைத் திறந்தேன்.

விபுலாநந்த அடிகள் காரைதீவில் 1892 இல் பிறந்தவர். துறவி, தமிழ்ப் பேராசிரியர் என்றுதான் எங்கள் பாடப்புத்தகங்கள் சொல்லித் தந்தன. அவர் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் என்பதை அழுத்திச் சொன்னவர்கள் குறைவு. யாழ் நூலில் நான்கு பக்கம் புரட்டினால் அது தெரிந்துவிடும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் அடிகளுக்கு விளக்கம் சொல்லப் புகுந்தவர், நரம்பின் நீளம், பின்னம், பெருக்கல் என்று போய்க்கொண்டே இருக்கிறார். யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டு. அதன் ஓசையைக் கேட்ட காது ஒன்றும் அவர் காலத்தில் இல்லை. பாட்டிலும் உரையிலும் சிற்பத்திலும் மிஞ்சிக் கிடந்ததை எடுத்துக் கணக்குப் போட்டு, அந்த ஓசையைத் திரும்பக் கேட்க முயன்றிருக்கிறார்.

ஏழு இசைக்கும் பழைய தமிழ்ப் பெயர்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். முதலாவதன் பெயரே குரல். ஸட்ஜம் என்று நாம் சொல்வது அதைத்தான். தொண்டை அடைத்துக் கிடக்கிறவன் அந்தச் சொல்லைக் கடந்து போக முடியாமல் அந்தப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அடுத்த பக்கங்களில் உறவுமுறை வருகிறது. ஒரு நரம்புக்கு ஐந்தாவதாக வருவது கிளை, நான்காவதாக வருவது நட்பு. இன்னும் இணை உண்டு, பகையும் உண்டு. கிளை என்றால் சொந்தபந்தம். மனிதருக்குச் சொல்லும் சொற்களையே நரம்புகளுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

வாசித்தால் போதாது, கேட்டுப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. ‘பழைய பலகை, இரண்டு ஆணி, தங்கூசி நூல்’ என்று எழுதிச் சின்னம்மாவிடம் கொடுத்தேன். கொல்லைக்குள்ளிருந்து கதவுப் பலகை ஒன்று வந்தது. தங்கூசி வீட்டிலேயே இருந்தது, சின்னம்மாவின் மருமகன் தூண்டில் போடுகிறவர். பலகையின் ஒரு முனையில் ஆணி அடித்து, இரண்டு நூலையும் அதில் கட்டி, மறு முனையால் கீழே தொங்கவிட்டேன். ஒவ்வொரு நூலிலும் ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்று, நிறைய மழைத் தண்ணீர். இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து, நடுவில் நூல் சரியாக 90 சென்ரிமீற்றர் வரும்படி அளந்தேன்.

இரண்டையும் ஒன்றாகத் தட்டினால் ஓசை நடுங்கியது. மருமகள் பக்கத்தில் வந்து குந்தினாள். “மாமா, ரெண்டும் சண்டை பிடிக்குது.” உண்மைதான். ஒரு போத்தலில் தண்ணீர் கொஞ்சம் குறைவு. அவளே சிரட்டையால் அள்ளி ஊற்றினாள். நடுக்கம் மெதுவாகி, நீண்டு, நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணக்கு விளங்கும்போது பிள்ளைகளுக்கு வரும் முகம் அது. வகுப்பில் அதை நான் எத்தனை தடவை கவனித்திருப்பேன்?

பிறகு ஒரு பென்சில் துண்டை இரண்டாவது நூலின் கீழே செருகி நகர்த்தினோம். 45 இல் அதே குரல், மேலே. 60 இல் இளி, மூன்றில் இரண்டு பங்கு நீளம். 67.5 இல் உழை, நான்கில் மூன்று பங்கு. இளியையும் குரலையும் சேர்த்துத் தட்டியபோது பலகை முழுதும் முழங்கியது. அடியில் கைவைத்தால் உள்ளங்கையில் அதிர்வு. அவள் எதையும் அளக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை நகர்த்தி, “இதுதான்” என்றாள். அடிக்கோல் வைத்துப் பார்த்தேன். 60 க்கு ஒரு நூல் இடைவெளி மட்டும் குறைவு.

இரவு ஆற்றுக்கு அங்காலிருந்து நத்தார் ஆராதனைப் பாட்டு காற்றில் வந்தது. மட்டக்களப்பார் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

டிசெம்பர் 25

வாசிப்பும் கணக்கும். பின்னேரம் ஒரு நத்தார் கேக் துண்டு, பக்கத்து வீட்டிலிருந்து.

கிளை கிளையாகப் போய்ப் பார்த்தேன். குரலிலிருந்து இளி, இளியிலிருந்து துத்தம், பிறகு விளரி, பிறகு கைக்கிளை. ஒவ்வொரு தடவையும் நூலில் மூன்றில் இரண்டு பங்கு, மிகவும் குறுகினால் இரட்டித்துக்கொள்வது. 90, 60, 80, 53.3, 71.1. பன்னிரண்டு தடவை போனால் புறப்பட்ட குரலுக்கே திரும்பி வரவேண்டும். வருவதில்லை. 90 க்கு வரவேண்டியது 88.8 இல் வந்து நிற்கிறது. ஒன்று தசம் இரண்டு சென்ரிமீற்றர்.

எங்கோ பிழைவிட்டேன் என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பிழை இல்லை. இரண்டின் அடுக்கும் மூன்றின் அடுக்கும் ஒருநாளும் சமனாக மாட்டா. ஒன்று இரட்டை, மற்றது ஒற்றை. தரம் 9 பிள்ளைக்கும் இது விளங்கும். கிரேக்கர்கள் பைதகோரசின் பெயரால் சொல்லும் கணக்கிலும் இதே இடைவெளி நிற்கிறது. பன்னிரண்டு சுரத்தை வைத்துப் பாடும் எந்த ஊராரும் இந்த மிச்சத்தை எங்கேயாவது ஒளிக்கவோ பங்கிடவோ வேண்டியிருக்கிறது. இரண்டு நூலையும் 90 இலும் 88.8 இலும் வைத்துத் தட்டினேன். நேற்றைய அந்த நடுக்கம் திரும்பி வந்தது. இத்தனை வருடம் அடுக்குக்குறி விதிகளைக் கற்பித்தேன். அவற்றுக்கு ஓசை உண்டு என்று ஒரு பிள்ளைக்கும் நான் காட்டியதில்லை. அது என் மனதை வருத்துகிறது.

டிசெம்பர் 26

இன்று போயா, பௌர்ணமி. சுனாமி வந்த 2004 இலும் இதே திகதி போயா நாள்தான்.

கடலுக்கும் ஆற்றுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணல்மேடு நாவலடி. அன்று காலை அங்கே வீடு என்று சொல்ல அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. சின்னம்மாவின் தங்கை அங்கேதான் கலியாணம் முடித்துப்போனவர். காலையில் சின்னம்மா வெள்ளைச் சேலை உடுத்து, ஒரு சிறிய பெட்டியில் பூவும் எண்ணெயும் எடுத்துக்கொண்டார். கூட நடந்தேன். 9.25 க்கு எல்லோரும் நின்றோம். வழக்கமாக இப்படியான இடத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் எதையாவது சொல்லிவிடுவேன். இன்று சொல்ல வழியில்லை. சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வரும்போது, “அவள் நல்லாப் பாடுவாள், உனக்கு ஞாபகமோ மனே?” என்று கேட்டார். தலையாட்டினேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிணற்றடியில் பாடுவார்.

இரவு நிலா. மழை விட்டிருந்தது. சின்னம்மாவின் மருமகன் ஒரு தோணிக்காரரிடம் சொல்லிவைத்திருந்தார். கல்லடிப் பாலத்துக்குக் கீழே போனோம். 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், அதையொட்டிப் புதுப்பாலம். பழையதில் தூண்டிற்காரர்கள் வரிசையாக நின்றார்கள்.

மீன் பாடும் தேன்நாடு என்று ஊருக்குப் பெயர் வந்தது இந்த இடத்தால்தான். 1848 இல் எமர்சன் டெனன்ட் என்ற காலனித்துவச் செயலாளர் இங்கே தோணியில் வந்து, தோணி விளிம்பில் காதை வைத்துக் கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ண விளிம்பைத் தேய்த்தாற்போன்ற ஓசை என்று எழுதிவைத்தார். மீன் அல்ல, ஊரி என்ற நத்தை குளறுகிறது என்றுதான் அன்றைய மீனவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பிறகு 1950 களில் லாங் என்ற அமெரிக்க யேசுசபைக் குருவானவர் அந்த ஓசையை ஒலிப்பதிவு செய்தார், வானொலியிலும் போனது. விபுலாநந்த அடிகளுக்கு அது நீரர மகளிரின், தண்ணீரில் வாழும் தேவமகளிரின், பாட்டு.

தோணிக்காரர் முதலே சொல்லிவிட்டார். “மாரியில கேக்காது தம்பி. தண்ணி கலங்கி ஓடுது. சித்திரை, வைகாசியில வாங்க, ஆறு அசையாம கிடக்கும்.” ஆனாலும் துடுப்பைத் தண்ணீருக்குள் ஊன்றி, மறு முனையில் எப்படிக் காது வைப்பது என்று காட்டினார். வைத்தேன்.

ஊரி பாடவில்லை. துடுப்பின் தண்டு வழியாகக் கேட்டதெல்லாம் இவை: முகத்துவாரத்தை நோக்கி இழுக்கிற தண்ணீரின் ஒரே சீரான இரைச்சல். பாலத்தில் ஒரு லொறி ஏறி இறங்கியபோது எங்கோ ஆழத்திலிருந்து வந்த ஒரு முணுமுணுப்பு. தோணி மரத்தில் எதுவோ சின்னதாக முட்டி முட்டி விலகியது. என் சொந்த நாடித் துடிப்பு. அரை மணித்தியாலம் போயிருக்கும். கழுத்து வலித்தது, எடுக்க மனம் வரவில்லை. தோணிக்காரரும் அவசரப்படுத்தவில்லை. பீடியைக்கூடப் பற்றவைக்காமல் இருந்தார்.

டிசெம்பர் 27

திருவாதிரை. விடியற்காலையிலேயே பூசை முடித்துக்கொண்டு மண்டூருக்குப் போனேன், தனியாக.

காத்தான்குடியில் தெருவோரப் பேரீச்ச மரங்கள் மழையில் குளித்து நின்றன. ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம், களுதாவளை. களுவாஞ்சிக்குடியில் இறங்கி, குறுமண்வெளித் துறையில் பாதை ஏறினேன். மோட்டார்சைக்கிள், ஆடு, அரிசி மூட்டை, மனிதர், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவைக்கு இங்கே பாதை என்றுதான் பெயர். இக்கரை எழுவான்கரை, சூரியன் எழும் பக்கம். அக்கரை படுவான்கரை.

மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்கிறார். கதிர்காமத்து முறை. மந்திரம் காதில் விழுவதில்லை. திரைக்கு வெளியே நிற்கிறவனுக்கு மணியும் பறையும் மட்டும். சிறுவயதில் அம்மா கூட்டிவந்தபோது, சாமி ஏன் வாய் கட்டியிருக்கிறார் என்று கேட்டு அதட்டு வாங்கினேன். இன்று நானும் கட்டியவன்போலத்தான் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை, வேண்டுதலும் எழவில்லை. நின்றேன், அவ்வளவுதான். கண் கலங்கியது.

திரும்பும் வழியில் நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பிய, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டியவர். கூத்துப் பழகும் காலம் இதுவல்ல. வெள்ளாமை வெட்டி, கை ஓய்ந்த பிறகுதான் ஆடுகிறவர்களுக்குப் பாட்டு எழுதிய சட்டம் கொடுத்து, கிழமைக் கூத்து ஆடி, சதங்கை அணிந்து, அரங்கேற்றம். துண்டை வாசித்துவிட்டு, “அப்ப நான் பேசுறன், நீங்க இரிங்க” என்றார்.

மத்தளத்தை எடுத்துத் தட்டினார். ஈரத்தில் தோல் தளர்ந்து, சத்தம் படுத்துக் கிடந்தது. அவர் மகள் சிரட்டைக் கரியைத் தகரத்தில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அண்ணாவியார் மத்தளத்தைக் குழந்தையைத் திருப்புவதுபோல் சாய்த்து, தோலில் சூடு படும்படி சுற்றிச் சுற்றிக் காட்டினார். நடு நடுவே சுண்டுவிரலால் ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கேள்வி, திரும்பவும் நெருப்பு. கால் மணித்தியாலம் இதுவே நடந்தது. ஓசை படிப்படியாக மேலே ஏறியது. எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. வந்ததும் தகரத்தை ஒதுக்கிவிட்டார்.

பிறகு வடமோடித் தாளக்கட்டு ஒன்றை வாயால் சொல்லி, கையால் வாசித்தார். இருந்தபடியே கால் தானாக மிதித்தது. “கூத்துக்குப் பாட்டு மறுகா தம்பி. முதல்ல கால்தான். கால் பிழைச்சா மத்தளம் சொல்லித்தரும்” என்றார். அவர் கொப்பி ஒன்றைக் காட்டினார், அப்பா கையால் எழுதியதாம். 78 சூறாவளியில் கூரை போனபோது மற்றதெல்லாம் நனைந்தது, இதை மட்டும் அரிசிப் பானைக்குள் போட்டு மூடிக் காப்பாற்றியதாகச் சொன்னார். படமெடுக்கலாமா என்று எழுதிக் கேட்டேன். “இல்ல. இரிந்து வாசிச்சிற்றுப் போங்க.” வாசித்தேன். கடைசிப் பாதை பிடிக்க ஓடவேண்டியிருந்தது.

டிசெம்பர் 28

கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம். அடிகள் நடத்திய பாடசாலை, அவர் சமாதியும் அங்கேயே. எந்த மலர் இறைவனுக்கு வேண்டும் என்று கேட்கும் அவருடைய பாட்டு கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. விடுமுறை, ஆளில்லை. மைதானத்தில் தண்ணீர் தேங்கி, கொக்குகள் நின்றன.

யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. ஜூலை 19 அன்று அவர் மறைந்தார். கடைசிக் காலத்தில் உடல் நலிந்த நிலையிலும் அந்தப் பின்னங்களை விடாமல் சரிபார்த்தவர். அவருக்கு நாங்கள் சிலை வைக்கிறோம், மாலை போடுகிறோம், ஒவ்வொரு ஜூலையிலும் மேடைபோட்டுப் பேசுகிறோம். புத்தகத்தைத் திறக்கிறவர் எத்தனை பேர்? ஆறு வருடம் திறக்காமல் வைத்திருந்த எனக்கு இதைக் கேட்க உரிமை இல்லைதான். ஆனாலும் கேட்கவேண்டியிருக்கிறது. இந்த மாகாணத்துப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு பலகை, இரண்டு தங்கூசி நூல், இரண்டு போத்தல் இருந்தால் போதும். கணிதமும் சங்கீதமும் தமிழும் ஒரே மேசையில் வந்துவிடும். ஜனவரியில் என் வகுப்பில் இதைத்தான் முதலில் செய்யப்போகிறேன். அந்த மண்டபத்தின் இரைச்சலில் கேட்காது என்றால் மாமரத்தடிக்குக் கூட்டிப்போவேன்.

டிசெம்பர் 29, காலை

பை கட்டியாகிவிட்டது. பலகையை எடுத்துப்போக ஜன்னலடிக்குப் போனால், அதன் ஓரம் முழுக்கப் பென்சில் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் சின்ன எழுத்து. ‘சங்கு’. ‘கோயில் மணி’. ‘பாண் ஓட்டோ’. ‘அம்மம்மா கூப்பிடுறது’. நான் ஊர் சுற்றிய நாட்களில் மருமகள் கேட்டதையெல்லாம் நூலில் தேடிப்பிடித்துக் குறித்து வைத்திருக்கிறாள். ‘அம்மம்மா கூப்பிடுறது’ 58 இல் இருந்தது.

“மாமா, இண்டைக்குப் பேசலாம்தானே?”

தலையாட்டினேன்.

“ஆ எண்டு சொல்லுங்க. நான் சொல்லும்வரைக்கும் நிப்பாட்டக்கூடாது.”

தொண்டையைச் செருமாமல், வைத்தியர் சொன்னபடி மெதுவாக, ஆ என்றேன். ஏழு நாளுக்குப் பிறகு வந்த குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனாலும் உடையவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை நகர்த்தினாள். தட்டினாள், நகர்த்தினாள், தட்டினாள். சமையலறையில் சின்னம்மா கரண்டியை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார். மூச்சு முடியும் தறுவாயில் பென்சில் 74 க்கும் 75 க்கும் நடுவில் நின்றது.

“போதும்” என்று சொல்லி, கோடு போட்டு, ‘மாமா’ என்று எழுதினாள். பலகையை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.